போனை மைக்காக வையுங்கோ



போன எபிசோட்டின் கடைசியில், "ஊருக்குப் போறீங்கள் எண்டால் ஒரு சின்னக் கமரா கொண்டு போங்கோ" எண்டு போகிற போக்கில் சொல்லிவிட்டேன். வந்த பதில்களில் பாதி ஒரே கேள்வி: கையில நல்ல போன் இருக்கேக்க எதுக்கு இன்னொரு சாமான்? மற்றப் பாதி, எந்த மொடல் வாங்கலாம் எண்டு. இரண்டாவது கேள்விக்கு நான் சரியான ஆள் இல்லை. நான் இக்காஸ்டில் வீட்டு மேசையில் இருந்துகொண்டு வேற ஆக்களின் சேர்வர்களைப் பார்த்துச் சம்பாதிக்கிறவன், படம் பிடிக்கிறவன் இல்லை. முதல் கேள்விக்கு மட்டும் என்னிடம் ஒரு பதில் இருக்குது. அது 23 வினாடி நீளம்.

2003 கோடை விடுமுறை. சமாதான காலம், ஏ9 பாதை முந்தின வருஷம்தான் திறந்திருந்தது. எனக்கு 13 வயது. அப்பா அந்தப் பயணத்துக்கெண்டே ஒரு சின்ன டிஜிட்டல் கமரா வாங்கியிருந்தார். 3.2 மெகாபிக்சல், 128 எம்பி மெமரி காட். ஓமந்தையிலும் முகமாலையிலும் அது பையின் அடியில், சாரங்களுக்கு நடுவில் கிடந்தது. வடமராட்சியில் அம்மம்மா வீட்டு முற்றத்துக்குப் போன பிறகுதான் வெளியில வந்தது. படம் எடுக்கிறன் எண்டு நினைச்சு நான் டயலைப் பிழையாகத் திருப்பிவிட்டேன். வீடியோ ஓடத் தொடங்கிவிட்டது. 320-க்கு 240, வினாடிக்கு 15 பிரேம், இண்டைக்குப் பார்த்தால் முத்திரை அளவு. அதில் அம்மம்மா கிணத்தடியில் இருந்து வாளியோட வந்து, "என்னடா, எடுத்து முடிஞ்சுதே? நான் இன்னும் தலை இழுக்கேல்லை" எண்டு கேட்கிறார். பிறகு என்ட பெருவிரல் லென்சை மறைக்குது. பிறகு சிரிப்புச் சத்தம் மட்டும்.

2006 ஆவணியில் ஏ9 திரும்பப் பூட்டப்பட்டது. 2008-ல் அம்மம்மா மோசம் போனபோது அம்மாவால் போக முடியவில்லை. அம்மம்மாவின் படங்கள் எங்களிட்ட இருக்குது. குரல் எண்டு இருக்கிறது அந்த 23 வினாடிதான். பழைய ஏவிஐ கோப்பு, இண்டைக்கும் விஎல்சியில் சிக்கல் இல்லாமல் ஓடுது.

அடுத்த பயணம் 2014 மார்கழி. யாழ்தேவி அந்த வருஷம் ஒக்டோபரில்தான் திரும்ப யாழ்ப்பாணம் வரைக்கும் ஓடத் தொடங்கியிருந்தது. இந்தமுறை கமரா இல்லை, எல்லாரிட்டையும் போன். நான் மட்டும் 600-க்கு மேல எடுத்திருப்பேன். அடுத்த வருஷம் அந்தப் போன் செத்தது. இப்ப மிச்சம் இருக்கிறவை வட்ஸ்அப்பில் சொந்தக்காரருக்கு அனுப்பினவை மட்டும். அளவு சுருங்கி, எடுத்த திகதியும் கழண்டு போய். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் கோப்புக்குள்ள இருக்கிற திகதி, இடம் எல்லாம் போய்விடும். டொக்கியூமென்ட் எண்டு இணைச்சு அனுப்பினால்தான் முழுசாகப் போகும். படமாக அனுப்பினால் திகதி போய்விடும் எண்டது எனக்கு அப்பவே தெரியும். கணினி விஞ்ஞானம் படிச்சு முடிச்ச பெடியன். பேக்கப்பை ஒன் பண்ணி வைக்காதது நான்தான், போனில் குற்றம் இல்லை.

ஆனால் ஏன் அப்பிடி நடந்தது எண்டு யோசிச்சுப் பார்த்தேன். போனில் எடுக்கிற படத்துக்கு முடிவு எண்டு ஒண்டு இல்லை. எடுத்த உடன அது எங்கயோ பத்திரமாக இருக்கு எண்டு ஒரு நினைப்பு வந்துவிடும். கமராவில் காட் நிறையும். கழட்ட வேணும், கணினியில் குத்த வேணும், ஒரு போல்டர் திறந்து பெயர் வைக்க வேணும். 2003-ல் அப்பா அந்த அலுப்பை எல்லாம் பட்டதாலதான் எனக்கு அந்த 23 வினாடி மிஞ்சினது.

அப்பாவுக்கு அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது எண்டும் எனக்குத் தெரியும். அவர் 1986-ல் டென்மார்க் வந்தவர். அம்மா யாழ்ப்பாணத்தில். 1987-ல் நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சன், தமிழ் அகதிகளின் குடும்ப இணைவு விண்ணப்பங்களைச் சட்டத்துக்கு மாறாக நிறுத்தி வைக்கச் செய்தார். டேனிஷ் வரலாற்றில் "தமிழர் வழக்கு" எண்டு நீங்கள் பள்ளிக்கூடத்தில் படிச்சிருப்பீங்கள். அதாலதான் 1993 ஜனவரியில் பிரதமர் பவுல் ஸ்லூட்டர் பதவி விலகினார், 1995-ல் நின்-ஹான்சனுக்கு ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை கிடைச்சது. அம்மா வந்து சேர்ந்தது 1989-ல். அந்த இடைப்பட்ட காலத்தில் தபாலில் வந்த ஸ்ரூடியோப் படங்கள் எங்கட அலுமாரியில் இன்னும் இருக்குது. ஒவ்வொண்டின் பின்பக்கத்திலும் நீலப் பேனாவால் திகதி, இடம், யார் யார் எண்ட விபரம். என்ட 2014 படங்களை விட அந்தப் படங்களைப் பற்றித்தான் எங்களுக்குக் கூடத் தெரியும். எனக்கு இது கொஞ்சம் வெட்கமாகவே இருக்குது.

சரி, இனிக் கமரா.

சின்னக் கமரா எண்ட சந்தை கிட்டத்தட்ட அழிஞ்சு போய்த் திரும்ப எழும்பினது. 2010-ல் யப்பானியக் கமரா நிறுவனங்களின் சங்கத்தின் கணக்குப்படி உலகத்துக்கு அனுப்பின டிஜிட்டல் கமராக்கள் 120 மில்லியனுக்கு மேல், அதில் பெரும்பகுதி சின்னக் கமராக்கள். 2023-ல் எல்லா வகையும் சேர்த்து 8 மில்லியனுக்கும் குறைவு. இப்ப உங்கட வயசுப் பெடி பெட்டையள் 2005, 2008 காலத்துப் பழைய கமராக்களைத் தேடி வாங்கினம். வடிவுக்கு எண்டால் வாங்குங்கோ, நான் மறிக்கேல்லை. ஆனால் படத் தரத்துக்கு எண்டு நினைச்சு வாங்காதேங்கோ. அந்தக் கமராக்களின் சென்சார் பெரும்பாலும் 25 முதல் 28 சதுர மில்லிமீற்றர் அளவு. இண்டைய நல்ல போன்களின் பிரதான சென்சார் அதைவிட இரண்டு மடங்குக்கு மேல பெரிசு. இருட்டில் போன்தான் வெல்லும்.

நான் சொல்லுறது "1 அங்குலச் சென்சார்" எண்டு விற்கிற வகையை. சோனி ஆர்எக்ஸ்100 2012-ல் தொடங்கினது, கனன் ஜி7 எக்ஸ் 2014-ல். அந்த 1 அங்குலம் ஒரு பழைய பொய், வெற்றிடக் குழாய்க் கமராக் காலத்து அளவுமுறையின் மிச்சம். உண்மையில் அது 13.2-க்கு 8.8 மில்லிமீற்றர். அதுவே போதும், 116 சதுர மில்லிமீற்றர். அதோட உண்மையான கண்ணாடி சூம். கோயில் வீதியில் தூரத்தில நிக்கிற ஆளின் முகத்தைக் கிட்டக் கொண்டு வரலாம், அவர் முகத்துக்கு நேர போனை நீட்டத் தேவையில்லை. ரிக்கோ ஜிஆர் மாதிரி இன்னும் பெரிய சென்சார் உள்ளவையும் இருக்கு, ஆனால் அதில் சூம் இல்லை. ஊர்ப் பயணத்துக்கு எனக்குச் சூம் வேணும்.

துபாயில் இறங்கேக்க வாங்கலாம் எண்டு கணக்குப் போடுறவைக்கு ஒரு சின்ன விசயம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியில இருந்து விமானத்தில் வரேக்க 3,250 குரோனர் வரைக்கும்தான் வரி இல்லாமல் சாமான் கொண்டு வரலாம். அதுக்கு மேல போனால் மொம்ஸ் 25 வீதம். கணக்கை அதோட சேர்த்துப் போடுங்கோ.

எனக்குப் போனோட இருக்கிற உண்மையான பிரச்சினை சென்சார் இல்லை, தோல். போன் ஒரு படத்தை எடுக்கிறதில்லை. சில பிரேம்களை எடுத்து, அடுக்கி, இருட்டைத் தூக்கி, வெளிச்சத்தை இறக்கி, தான் சரி எண்டு நினைக்கிற ஒண்டைத் தருது. பெரியம்மாவுக்கு 81 வயது. கறுப்பு நிறம், முகம் முழுக்கச் சுருக்கம், எப்பவும் வெள்ளைச் சேலை. என்ட போன் அவரை ஒரு நிறம் வெளிறப் பண்ணி, சுருக்கத்தைப் பாதி துடைச்சுத் தந்தது. விளக்கு வைச்ச சாமியறை மத்தியானம் மாதிரி இருந்தது. கமராவும் தன்பாட்டில் சரியாகச் செய்யாது. அது முழுப் படத்தையும் ஒரு நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். வெள்ளைச் சேலையைக் கண்ட உடன வெளிச்சத்தைக் குறைக்கும், முகம் கரியாகிவிடும். ஆனால் அதைத் திருத்த ஒரு டயல் இருக்கு. கூட்டல் 0.7, சில நேரம் கூட்டல் 1. என்ன செய்யிறம் எண்டு எங்களுக்குத் தெரியும், அடுத்த படத்திலும் அது அப்பிடியே நிக்கும். பெரியம்மா பெரியம்மாவாகவே வந்தார்.

இதை எல்லாம் ஊரில் போய் நிண்டு பழக ஏலாது. நான் இங்கயே பழகினேன். இக்காஸ்ட் மார்கழியில் பின்னேரம் நாலு மணிக்கு முதலே இருட்டிவிடும், குறைஞ்ச வெளிச்சம் பழக இதைவிட நல்ல இடம் இல்லை. அம்மாவின் குசினியில், ரியூப் லைற்றுக்குக் கீழ, அவ வெங்காயம் வெட்டேக்க எடுத்தேன். வீடியோவில் கறுப்புக் கோடுகள் ஓடிச்சுது. காரணம் சின்னது. கமரா அமெரிக்க முறையில், வினாடிக்கு 30 பிரேமில் இருந்தது. டென்மார்க்கிலும் இலங்கையிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மெனுவில் பால் முறைக்கு மாற்றி, 25 பிரேமும் சட்டர் 50-ல் ஒரு வினாடியும் எண்டு வைச்ச உடன கோடுகள் போயிற்றுது. ஹேர்னிங் பிள்ளையார் கோயிலிலும் பிராண்டே அபிராமி அம்மன் கோயிலிலும் தேர் வெளியில வரேக்க எடுத்துப் பாருங்கோ. அசைகிற கூட்டம், வெயில், பட்டு, கறுத்த முதுகுகள், கற்பூரம், எல்லாச் சிக்கலும் ஒரே இடத்தில் கிடைக்கும்.

ஒரு விசயத்தில் மட்டும் சின்னக் கமரா போனிட்டத் தோற்கும். சத்தம். கமரா முன்னால ஒண்டரை மீற்றர் தள்ளி நிக்கும், அதின் மைக் மின்விசிறியையும் சேவலையும்தான் முதலில் கேட்கும். மைக் குத்துற ஓட்டை சில மொடல்களில் இருக்கு, சிலதில் இல்லை. அதுக்குத்தான் போன். போனில் குரல் பதிவு செயலியைத் திறந்து, ஏரோபிளேன் மோட்டில் போட்டு, கதைக்கிற ஆளுக்குப் பக்கத்தில் கதிரையிலோ மடியிலோ வைச்சுவிடுங்கோ. ஏரோபிளேன் மோட் முக்கியம், நடுவில சித்தப்பா கனடாவில இருந்து கோல் எடுத்தால் பதிவு நிண்டுவிடக்கூடும். இரண்டும் ஓடத் தொடங்கின பிறகு ஒருக்கா கையைத் தட்டுங்கோ. பிறகு கணினியில் அந்தத் தட்டலை வைச்சு இரண்டையும் பொருத்தலாம். மின்விசிறியை நிப்பாட்டுங்கோ, வேர்க்கும், பரவாயில்லை.

யாரைப் பிடிக்கிறது எண்டதில் எனக்கு ஒரு பிடிவாதம் இருக்குது. நல்லூர்க் கோபுரம், கசூரினா கடற்கரை, நயினாதீவுக்குப் போற படகு, ரியோவில் ஐஸ்கிரீம். இதை எல்லாம் நானும் எடுத்தேன், அதில பிழை இல்லை. ஆனால் நாளைக்கு என்ட நயினாதீவு வீடியோ காணாமல் போனால் இணையத்தில் ஆயிரம் கிடக்குது, என்னதைவிட நல்லதாக. உங்கட அப்பப்பா எப்பிடிக் கதைப்பார் எண்டதை உங்களைத் தவிர வேற ஒருத்தரும் எடுக்கப் போறதில்லை. பயண வீடியோ எண்டு நாங்கள் இப்ப செய்யிறதில் முக்கால்வாசி, எங்கட முகத்தை ஊருக்கு முன்னால வைக்கிறது. ஒரு அரை மணித்தியாலம் மற்றப் பக்கம் திருப்பினால் என்ன?

கேட்டு எடுங்கோ. நல்லூர்க் கோயிலுக்குள்ள படம் எடுக்க விடமாட்டினம், காவலரண், முகாம் பக்கம் கமராவை நீட்டாதேங்கோ, புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நிண்டு செல்பி எடுக்காதேங்கோ. இன்னொண்டு, இதை ஒருத்தரும் சொல்லுறதில்லை. போனில் எடுக்கிற படத்துக்குள்ள வீட்டின் சரியான இடம் பதிஞ்சிருக்கும். நாங்கள் இரண்டு கிழமையில் திரும்பி வந்துவிடுவம். பெரியம்மாவும் மச்சானும் அங்கேயே இருக்கிறவை. அவை 1987 பற்றியோ 2009 பற்றியோ ஏதும் கதைச்சிருந்தால், அந்தக் கோப்பு எங்க போகுது எண்டதை முடிவு செய்யிற உரிமை அவைக்குத்தான். சின்னக் கமராக்களில் பெரும்பாலும் ஜிபிஎஸ் இல்லை. இதை விளம்பரத்தில் குறையாகப் போடுவினம். எனக்கு அது காசு குடுத்து வாங்கக்கூடிய வசதி.

ஆனால் திகதி வேணும். கமராவின் மணிக்கூட்டை இறங்கின உடன மாற்றுங்கோ, கோடையில் மூண்டரை மணித்தியாலம், மாரியில் நாலரை. மறந்துபோனால் எக்ஸிஃப்டூல் எண்டு ஒரு இலவச மென்பொருள், ஒரே கட்டளையில் முழுப் போல்டரின் நேரத்தையும் நகர்த்தும். வேண்டுமானால் அடுத்த எபிசோட்டில் அதை விளக்கமாகக் கதைக்கலாம்.

பற்றரி இரண்டு மூண்டு கொண்டு போங்கோ, கைப்பையில். ஒண்டில் 200, 250 படம்தான் வரும். காட் இரண்டு. ஒவ்வொரு இரவும் லப்ரொப்புக்கு ஒரு பிரதி, தனி எஸ்எஸ்டிக்கு ஒரு பிரதி. மூண்டாவது பிரதி ஊரில். இதைத்தான் நாங்கள் எல்லாரும் மறக்கிறது. வாறம், எடுக்கிறம், கொண்டு போறம். அவைக்கு என்ன மிச்சம்? நான் கிளம்புறதுக்கு முதல்நாள் நெல்லியடியில் 40 படம் பிரதி எடுத்து, பின்பக்கத்தில் திகதியும் பெயரும் எழுதினேன், நீலப் பேனா தேடி வாங்கி. வீடியோக்கள் ஒரு பென்டிரைவில் மச்சானுக்கு.

இனி என்ட பிழை. போன மார்கழியில் பெரியம்மாவை முற்றத்து வேப்பமரத்துக்குக் கீழ இருத்தி, கமராவை முக்காலியில் வைச்சு, 4கே-யில் ஓட விட்டேன். அவர் 1987 வைகாசியில் வடமராட்சி நடவடிக்கை தொடங்கின நாளைப் பற்றிக் கதைச்சார். எல்லாரும் கோயிலுக்குப் போனது, அம்மம்மா அடுப்பில் இருந்த சோற்றுப் பானையைத் துணியால் கட்டித் தலையில் தூக்கிக்கொண்டு நடந்தது, வழியில் யாரைக் கண்டது, யாரைக் காணவில்லை. நான் கமராவின் திரையைப் பார்க்கவில்லை, பெரியம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 4கே-யில் ஒரு தடவைக்கு பத்து நிமிஷத்துக்கு மேல பிடிக்காது எண்டது கையேட்டில் எழுதியிருந்தது. நான் வாசிக்கவில்லை. சேர்வரில் இப்பிடி ஒரு எல்லையைப் பார்க்காமல் விட்டிருந்தால் என்னை வேலையால் நிப்பாட்டியிருப்பினம். நாலு நிமிஷம் கழிச்சுத்தான் சிவப்பு விளக்கு இல்லை எண்டு கண்டேன். இடையில் மறிச்சுத் திரும்பச் சொல்லுங்கோ எண்டு கேட்க எனக்கு வாய் வரவில்லை. சத்தம் போடாமல் எழும்பி, முழு எச்டிக்கு மாற்றி, திரும்ப அழுத்திவிட்டு இருந்தேன். முழு எச்டி போதும். தொலைக்காட்சியில் வித்தியாசம் தெரியாது, கமராவும் சூடாகாது, என்ட கமராவில் நிமிஷத்துக்கு 375 எம்பி அளவில்தான் இடம் பிடிக்கும்.

போன் அவரின் மடியில் இருந்து, ஒண்டும் நடக்காத மாதிரி, முழு 40 நிமிஷத்தையும் பதிஞ்சுகொண்டிருந்தது.

அந்த நாலு நிமிஷத்துக்கு ஏதும் பழைய படங்களைப் போட்டு நிரப்பலாம் எண்டு நினைச்சேன். பிறகு விட்டுவிட்டேன், கறுப்புத் திரையாகவே இருக்குது. கிளம்புற அண்டைக்கு மச்சான் அதைத் தொலைக்காட்சியில் போட்டான். பெரியம்மா முன்னால கதிரையில். திரை கறுத்த உடன, "கறண்ட் போட்டுதோ?" எண்டு ரிமோட்டை எடுத்தார். குரல் நிக்கவில்லை. சோற்றுப் பானை வந்தது. அவர் ரிமோட்டை மடியில் வைச்சுவிட்டு, கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு, தன்னுடைய கதையைக் கேட்டுக்கொண்டிருந்தார்.